எங்கோ பார்க்கும் பச்சைச் சட்டை

சோதனைக் கடிதத்தை அனுப்பிவிட்டு, பல் டாக்டர் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

எத்தனையோ கடைவாய்ப் பற்களை அசராமல் பிடுங்கிய கைகள். இப்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

அடுத்த நொடி அறையில் இருந்த கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன.

"வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்றாள் அக்கா, பிரசவ வார்டு வாசலில் நிற்பவளைப் போல.

புத்தகங்களை வாசித்து, குரலில் பதிவு செய்து, பார்வை இல்லாதவர்களுக்கு அனுப்பும் தொண்டர் குழு அது. அக்கா தலைவி. அத்தான் பொருளாளர். இணையதளத்திலிருந்து மாதாமாதம் மின்னஞ்சலில் ஒரு செய்திமடல் போக வேண்டும் என்று முடிவானபோது, 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவ' என்ற ஒரே குற்றத்துக்காக வேலை பல் டாக்டரான தங்கையின் தலையில் விழுந்தது.

அவளும் சளைக்கவில்லை. பெயர் பதிவதற்கான கட்டத்தை இணையதளத்தில் சேர்த்தாள். பதிந்தவர்களுக்குப் போகும் மறுமொழி, குப்பை அஞ்சலில் போய் விழாதபடி மல்லுக்கட்டிச் சரி செய்தாள். இனி இந்த அறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சோதனைக் கடிதத்தைப் பார்த்து 'சரி' என்றால் போதும். ஒரே ஒரு பொத்தான்தான். வாசகர்கள் அத்தனை பேருக்கும் முதல் மடல் பறந்துவிடும்.

ஆனால் அவள் காத்திருந்தது ஒருவருடைய 'சரி'க்கு மட்டும்தான்.

மூலை நாற்காலியில், ஒரு காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தார் ஒலிக்காரர். பதிவுகளையெல்லாம் கேட்டுச் சீர் செய்பவர். அவள் வாசித்த முதல் புத்தகத்திலேயே, "முதல் அத்தியாயம் முடியறதுக்குள்ள கொட்டாவி விட்டுட்டீங்களே, டாக்டர்" என்று கண்டுபிடித்தவர். அன்று சிரிக்கத் தொடங்கியவள், பிறகு வாசித்த ஒவ்வொரு புத்தகத்தையும் அந்த ஒரு காதுக்காகவே வாசித்தாள்.

சொல்லத்தான் வரவில்லை. நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்கிறவளுக்கு, தன் வாயைத் திறக்கத் துணிச்சல் இல்லை.

அதனால் கடிதத்துக்குள் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் தலைகீழாக நின்று தேடினாலும் கண்ணில் படாத ஓரிடத்தில்.

அவர் சிரித்து மழுப்பிவிட்டால் போயிற்று. நாளையிலிருந்து கொட்டாவியைப் பற்றிக்கூடப் பேசிக்கொள்ள முடியாது.

"தலைப்பை இன்னும் பெருசாப் போடுடி. எங்க கண்ணுக்கும் வயசாகுதில்ல" என்றாள் அக்கா.

அத்தான் கைப்பேசியை மூக்குவரை கொண்டுபோனார். "எழுத்தெல்லாம் ஜோர். இந்தக் குரூப் போட்டோதான் உதைக்குது. எல்லாரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டறோம். இந்தக் கோடியில டாக்டரும் அந்தக் கோடியில பச்சைச் சட்டையில நம்ம சவுண்ட் சாரும் மட்டும் பார்க்கல பாரு."

அவள் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கைப்பேசியின் திரை வழக்கம்போல் இருட்டாகவே இருந்தது. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவருக்குத் திரை எதற்கு? வரி வரியாகக் கைப்பேசியே அவருக்குப் படித்துச் சொல்லும். படம் வந்தால், அந்தப் படத்துக்கென்று எழுதிவைத்த விளக்கத்தைப் படிக்கும். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அந்த விளக்கம் தெரியவே தெரியாது. விளக்கம் இல்லாமல் படம் போடக் கூடாது என்பது குழுவின் சட்டம். சட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

அந்தக் குழுப் படத்துக்கு, இந்தச் சோதனைக் கடிதத்தில் மட்டும் அவள் எழுதியிருந்த விளக்கம் இது:

'ஒரு கோடியில் பச்சைச் சட்டைக்காரர், கேமராவை விட்டுவிட்டு எங்கோ திரும்பியிருக்கிறார். மறுகோடியில் பல் டாக்டர் சிரிக்கிறாள். அவள் கண் அவர்மேல்தான். ரொம்ப நாளாகவே அப்படித்தான்.'

ஒலிக்காரர் இயர்போனைக் கழற்றினார். நிதானமாகச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கடிதம் சரி. படத்தோட விளக்கத்துலதான் ஒரு தப்பு இருக்கு."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"பச்சைச் சட்டைக்காரர் எங்கோ திரும்பியிருக்கார்னு போட்டிருக்கீங்க, டாக்டர்." அவர் முகம் அவள் இருந்த பக்கம் திரும்பியது. "எங்கோ இல்ல. சிரிப்பு வந்த பக்கம்."

மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த கைகள் மேலே வந்தன.

"விளக்கமா? எனக்கு ஒண்ணையும் காணோமே!" அக்கா கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"திருத்திடறேன்" என்றாள் தங்கை. பக்கத்தில் இருந்த அக்காவுக்கே கேட்காத குரல். மூலை நாற்காலிக்குக் கேட்டிருக்கும். அங்கே ஒரு புன்னகை மெல்ல விரிந்தது.

அத்தான் மட்டும் விடுவதாக இல்லை. "அதைத்தானே நானும் சொல்றேன்? பேசாம வேற படத்தைப் போட்டுடலாம்."

"வேண்டாம்!"

இரண்டு குரல்கள், ஒரே நேரத்தில். பதிவு செய்திருந்தால், எது யாருடையது என்று பிரித்தெடுப்பது ஒலிக்காரருக்கே சிரமமாக இருந்திருக்கும்.