துணைவேந்தரின் தொப்பி

விக்டோரியா ராணி காலம், இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம். நாற்பது வருஷம் கிரேக்கம் கற்பித்த ஹார்கிரேவ்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பட்டமளிப்பு விழாவில், முதலாவதாக வந்த பட்டதாரிக்கு அவர் தன் தொப்பியைக் கழற்றுவார். உடனே சபை முழுவதும் கழற்றியாக வேண்டும். அந்த வருஷம் கிரேக்கத்தில் முதலாவது கான்ஸ்டன்ஸ் என்ற மாணவி. பெண் என்பதால் பட்டம் கிடையாது, மேடையைக் கடந்துபோக மட்டும் விட்டார்கள். அவள் வந்ததும் ஹார்கிரேவின் கை தலைக்குப் போனது.

"ஐயா, அந்தப் பொண்ணுக்குப் பட்டம் இல்லீங்களே!" என்று பதறினார் பதிவாளர்.

"பட்டம் உங்க சட்டத்துல இருக்கு. தொப்பி என் தலையிலதானேய்யா இருக்கு?"

கழற்றினார். வரிசை வரிசையாகத் தொப்பிகள் இறங்கின. பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று வாதாடிய கிழவர் ஒருவர் மட்டும் அசையவில்லை. கான்ஸ்டன்ஸ் என்ன செய்தாள் தெரியுமா, கண்ணுகளா? அவருக்கு நேரே நின்று, நிமிர்ந்து, அவசரமில்லாமல் காத்திருந்தாள்.