பத்தரை மணி அலை

கத்தி முனையில் அள்ளிய வெள்ளைப் பெயின்ட்டைப் பச்சையின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள். தேய்க்கவில்லை. அப்படியே விட்டாள்.

மூன்றடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

அலை உடைந்துகொண்டிருந்தது.

மூன்று மாதமாகப் போக்குக் காட்டிய அலை. முப்பது வருஷம் ஊரார் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்தவள் அவள். ஆயில் பெயின்ட்டைக் கையில் எடுத்தபோது கடலும் மடிப்பு மடிப்பாக, ஒழுங்காகத்தான் வந்தது. “கடலுக்கு இஸ்திரி போட்டுட்டியாம்மா?” என்று மகன் கேட்டான். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள். ஆனால் அன்று சோறு இறங்கவில்லை.

இன்று காலை புதுப் புடவை கட்டித் தலைவாரி முடித்தபோது மணி எட்டரைகூட ஆகவில்லை. மகன் குளித்துவிட்டு வரட்டும், அதுவரை ஒரு தீற்றல் என்றுதான் நினைத்தாள். மகனுடைய பழைய சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டாள்.

நிறங்களைக் கலந்து குழைக்க நேரமில்லை. அதனால் பச்சைக்குப் பக்கத்தில் அப்படியே ஊதாவை வைத்தாள். அதை ஒட்டிக் கொஞ்சம் ரோஜா நிறம். மேலே, கட்டியாக வெள்ளை.

கிட்டத்தில் பார்த்தால் குழந்தை கொட்டிய சோறு மாதிரி இருந்தது. தள்ளி நின்றால் தண்ணீர், வெயில், நுரை. காற்றுகூட இருந்தது.

ஓடிப்போய் ஒரு தீற்றல் வைத்தாள். ஓடிவந்து பார்த்தாள். மறுபடி ஓடினாள். தையல் மிஷினில் இடுப்பு இடித்தது, வலி தெரியவில்லை. இரண்டாவது அலை எழுந்தது. அதன் பின்னால் மூன்றாவதும் வந்துகொண்டிருந்தது.

கீழே கார் ஹாரன் அடித்தது. அப்புறம் நீளமாக அடித்தது. அப்புறம் படிகளில் காலடிச் சத்தம்.

மகன் கதவைத் திறந்தான். புதுச் சட்டை, வியர்த்த நெற்றி.

“பத்தரைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இருக்கணும்மா. மணி பத்தேகால்.”

“இந்த ஒரு நுரை.”

அவன் படத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“உண்மையைச் சொல்லு. உனக்கு இதுல இஷ்டமில்லையா? அதான் நேரத்தைக் கடத்துறியா?”

அவள் கை நின்றது.

“இஷ்டம் இருக்கிறதாலதான்டா கை இப்படி ஓடுது.”

அவன் மூச்சுவிட்டான். அதற்கப்புறம்தான் படத்தின் பக்கம் திரும்பினான். ஓரடி பின்னால் போனான். இன்னும் ஓரடி.

“அம்மா,” என்றான். “இது நனைச்சிடும் போலிருக்கே.”

காரில் அவள் வாய் ஓயவில்லை. குழைக்கவே கூடாதாம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதுமாம், மிச்சத்தைக் கண்ணே கலந்துகொள்ளுமாம். அவன் சிக்னலுக்குச் சிக்னல் தலையாட்டினான். அவள் மேல் அடித்த டர்பன்டைன் வாடை போக ஜன்னலை இறக்கிவிட்டான்.

ரிஜிஸ்தர் ஆபீஸை அடைந்தபோது பத்தே முக்கால். முன் பெஞ்சிலிருந்து, தலை முழுக்க நரைத்த தெருமுனை மருந்துக்கடைக்காரர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக மகனையும் தாயையும் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலையும் பார்த்தார்.

“மாப்பிள்ளை ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்திருக்கார். பொண்ணு எங்கே?”

மகன் அவள் முழங்கையைப் பிடித்து மெல்ல முன்னால் நகர்த்தினான்.