ட்ரம்ஸ் தெரியாதவன்

“எண்பத்தஞ்சிலை இருந்து தொண்ணூற்றிரண்டு மட்டும் எங்கை இருந்தனீர்?”

“மன்னாரிலை, மாமான்ரை கடையிலை. பேந்து மடு அகதி முகாமிலை.”

“அமெரிக்காவுக்குப் போனனீரோ?”

“இல்லை.”

“இங்கிலீசு?”

“தெரியாது.”

“அப்ப ஏன் ஐசே விரலாலை பெட்டியைத் தட்டுறீர்? முகாமிலை ஆர் உமக்கு மேளம் பழக்கினது?” என்றார் அல்பேட்.

ஞானேந்திரன் கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டான். கால் தட்டத் தொடங்கியது.

மொன்றியல் ஜான்-டலோன் சந்தையில், மரக்கறிக் கடையின் பின்பக்கம், காலிஃபிளவர் பெட்டிகளுக்கு நடுவே அல்பேட் தினமும் இந்த ஒத்திகையை நடத்தினார். இதுவரை பதினொரு பேரை அகதி விசாரணைக்குத் தயார் செய்தவர் அவர். ஏழு பேருக்குக் கனடா ‘ஓம்’ சொன்னது. மற்ற நான்கு பேரும் தன் சொல் கேட்காதவர்கள் என்று சொல்லிவிடுவார். ஞானேந்திரனுக்கு விசாரணை நாளைக்கு.

உண்மை வேறு. ஒஹாயோவுக்குப் படிக்கப் போன ஞானேந்திரன், பக்கத்து அறைக்காரர்களின் இசைக்குழு ட்ரம்ஸ்காரனுக்குக் கை முறிந்ததால், ஒரே ஒரு மாலைக்கு உதவியாகப் போய் உட்கார்ந்தான். எழும்ப ஏழு வருடம் ஆயிற்று. குழுவின் பெயர் ‘தேர்ட் ஸ்லிப்பர்’. அதாவது மூன்றாவது செருப்பு. ஏன் அந்தப் பெயர் என்று நான்கு பேருக்குமே தெரியாது. நெப்ராஸ்காவில் ஒருமுறை மூன்று பேருக்கு முன்னால் வாசித்தார்கள். அதில் இரண்டு பேர் மழை விடக் காத்திருந்தவர்கள். மூன்றாமவர் மழை விட்ட பிறகும் இருந்தார் என்பதை வருடக்கணக்கில் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள். ரிவர்ஸ் கியர் இல்லாத வான் வண்டியில் முப்பத்தெட்டு மாநிலங்கள் சுற்றினார்கள். பின்னால் போக வேண்டிய இடத்தில் மூன்று பேர் இறங்கித் தள்ளுவார்கள்.

நான்காவது இசைத்தட்டு வந்ததும் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அதே மாதம் ஊரில் ஞானேந்திரனின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்ததாக இவன் எங்கே என்று வீட்டில் விசாரித்தார்கள். அமெரிக்க விசா எப்போதோ முடிந்திருந்தது. ஒரு நிகழ்ச்சிக்காக மொன்றியலுக்கு வந்த வான், திரும்பும்போது மூன்று பேரோடு திரும்பியது.

“ஏழு வருசம் அமெரிக்காவிலை இருந்தவன் ஏன் அங்கையே அகதி எண்டு பதியேல்லை எண்டு கேப்பினம். ஃபைலைத் தூக்கி எறிஞ்சுபோட்டு உம்மைப் பிளேனிலை ஏத்துவினம். நேரை கொழும்பிலை இருந்து வந்தனான் எண்டு சொல்லும்.” அல்பேட் முதல் நாளே சொன்னது இது.

ஒத்திகை முடிந்து இருவரும் கடை முன்னால் வந்தபோது, செந்தாடி வைத்த நெட்டை வெள்ளைக்காரன் ஒருவன் ஆப்பிள் பெட்டியிலிருந்து நிமிர்ந்தான். குழுவின் பாடகன் வால்டர்.

“ஞான்!” ஆங்கிலத்தில் கத்தினான். “ஒரு வருடமாக உன்னைத் தேடுகிறோமடா! இன்று மாலை இங்கேதான் வாசிக்கிறோம். பெரிய இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருக்கிறது. பழைய நான்கு பேரும் வந்தால்தான் ஒப்பந்தமாம். புது ட்ரம்ஸ்காரனுக்கு நாலுவரை எண்ணத் தெரியவில்லை. நீ வரவில்லை என்றால் இன்றோடு குழுவைக் கலைத்துவிடுவேன்.”

பின்னால் நின்ற அல்பேட் இருமினார்.

ஞானேந்திரன் கைக்கு எட்டிய காலிஃபிளவர் ஒன்றை எடுத்து நீட்டினான். “போன்ஜூர், மெஸ்யே.”

“ஞான், நான் வால்டர்.”

“நோ இங்கிலீஷ்.”

வால்டர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “மன்னியுங்கள். என் சிநேகிதன் ஒருவனைப் போல இருந்தீர்கள்” என்று சொல்லி, மரியாதைக்காகக் காலிஃபிளவரை வாங்கிக்கொண்டு போனான்.

“சா, என்ன நடிப்பு!” அல்பேட் முதுகில் தட்டினார். “நாளைக்கும் இப்பிடியே செய்யும். பாஸ்தான்.”

ஞானேந்திரன் குளிர் அறைக்குள் போய், அரை மணி நேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு வந்தான்.

“வெங்காயமோ?” என்றார் அல்பேட். உள்ளே இருந்ததெல்லாம் கேரட்.

“அண்ணை, ஒஹாயோவிலை முதல் முதல் எனக்குக் குளிர் கோட் வாங்கித் தந்தவன் அவன்.”

“இனிக் கோட்டைக் கனடா தரும். வாரும், லொறி வந்திட்டுது.”

மறுநாள் காலை விசாரணை. அதிகாரி ஐம்பது வயதுக் கியூபெக்காரர். அவருடைய பிரெஞ்சைத் தமிழாக்க யோகராணி என்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தாள். எல்லாம் ஒத்திகையில் வந்த கேள்விகள். நடுவில் அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு பகிடி விட்டார். யோகராணி அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஞானேந்திரன் சிரித்தான். அதற்குள் பகிடி செத்துப் போயிருந்தது.

ஒரு மணி நேரத்தில் அதிகாரி எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

“ஓம் எண்டிட்டார், தம்பி” என்றாள் யோகராணி. “அண்ணையைப் பிடிச்சது, உம்மைத் தேடுறது எல்லாத்தையும் நம்புறார். இனி உம்மை ஒருத்தரும் திருப்பி அனுப்பேலாது.”

ஞானேந்திரன் எழுந்து கும்பிட்டான். அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். தன் பையிலிருந்து சதுரமான அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே ஏதோ சொன்னார். யோகராணி அவரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

“தம்பி, இந்த இசைத்தட்டு அட்டையிலை உம்மடை கையெழுத்து வேணுமாம். இதிலை வானுக்குப் பக்கத்திலை நிக்கிறது நீர்தான் எண்டு ஃபைலிலை உம்மடை படத்தைப் பாத்த அண்டைக்கே தெரியுமாம். மற்ற மூண்டு பேரிட்டையும் நேற்றுப் பின்னேரம் வாங்கிப்போட்டாராம். அதோடை குழுவைக் கலைச்சுப்போட்டினமாம்.” அவள் பேனையை அவன் பக்கம் நகர்த்தினாள். “அமெரிக்காவிலை இருந்தனான் எண்டு நீர் சொல்லியிருந்தாலும், ஓம் எண்டுதான் எழுதியிருப்பாராம்.”