மாப்பிள்ளையைக் கழற்று

"அந்த ரோபோவைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சூப்பர்வைசர் கத்தி முடிப்பதற்குள் பதினோரு பெண்களும் ஸ்க்ரூ கன்னைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே கொக்கிகளில் வந்துகொண்டிருந்த கார்கள் தொங்கியபடியே நின்றன.

முன்னால் நின்றவள், வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள், கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். இடது கை வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தது. என்ன திமிராக நிற்கிறாள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் அந்த ரோபோவால் வந்த வினை. மனிதர் பக்கத்திலேயே நின்று ஸ்க்ரூ முடுக்கும், கம்பிக் கூண்டு தேவையில்லை, யார் கை பட்டாலும் அப்படியே நின்றுவிடும் என்று சொல்லிப் போன மாதம் ஒன்றை இறக்கினார்கள். அதை வாங்கித் தரச் சொல்லி ஆறு மாதம் கால் தேய அலைந்தவர் அவர்தான்.

பார்வையாளர்கள் வந்து நிற்கிற கண்ணாடி அறைக்கு நேர் எதிரே, கதவு மாட்டும் இடத்தில் அதை நிறுத்தினார்கள். இடுப்பு உயரத்தில் கதவுக்கு ஆறு ஸ்க்ரூ, அவ்வளவுதான் அதன் வேலை. காலையில் துடைப்பு, சாயங்காலம் போர்வை என்று நடந்த உபசாரத்தைப் பார்த்து லைனில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டார்கள். முன்பு அங்கே ஸ்க்ரூ போட்டவன் இப்போது பட்டனைத் தட்டிவிட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி பக்கத்தில் நிற்கிறான்.

வந்த மறுவாரமே இந்தப் பெண்கள் மனு கொடுத்தார்கள். 'பொருள்: புதிய ரோபோ' என்பதுவரை படித்துவிட்டு டிராயரில் போட்டார். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது, அதுவும் அதே டிராயருக்குப் போனது. மெஷின் வந்தால் வேலை போய்விடும் என்கிற பழைய ஒப்பாரி, அவர் பார்க்காததா?

"சார், நாங்க என்ன சொல்றோம்னா..."

"நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். யார் வேலையும் போகாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவா?"

"வேலை போகும்னு யார் சார் அழுதா? நான் கேக்குறது..."

"கேக்குறதெல்லாம் அப்புறம் கேளு. முதல்ல கன்னைக் கையில எடும்மா. காருக்கு அடியில பதினெட்டு ஸ்க்ரூ போடணும். ஒரு நாளைக்கு எத்தனை கார் போகுதுன்னு தெரியுமா?"

"நீங்க சொல்லுங்க பாப்போம்."

அவருக்குச் சட்டென்று வரவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இருநூத்திப் பத்து" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் சுட்டது. "ஒன்பது வருஷமா அண்ணாந்து நின்னு எண்ணிக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அதற்குள் அவர் பையில் போன் அடித்தது. மேனேஜர்.

"லைன் நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சு. அங்க என்ன பஞ்சாயத்து பண்ணிக்கிட்டு இருக்கியா?"

"ரோபோ வேண்டாம்னு அடம் பிடிக்கிறாங்க சார்."

"அப்ப அதைக் கழட்டித் தொலை. மத்ததை நான் பாத்துக்கிறேன். இன்னும் பத்து நிமிஷத்துல லைன் ஓடலைன்னா நீ வீட்டுக்குக் கிளம்பலாம்."

போனை வைத்தபோது அவருக்குக் காது மடல் எரிந்தது. பதினோரு பேர் முன்னால் வாங்கிக்கட்டிக்கொண்டாயிற்று. ஆறு மாத அலைச்சல் நாலு வார்த்தையில் முடிந்துபோயிற்று.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளையைக் கழட்டு. ஸ்டோர்ல கொண்டு போய்ப் போடு."

அவன் நம்பாமல் ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையோடு பிணைத்திருந்த நாலு போல்ட்டையும் கழற்றினான். ரோபோவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கட்டினான். தோழன் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"திருப்திதானே?" சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்துக் கத்தினார். "ஜெயிச்சிட்டீங்க. காலம் பூரா கையாலேயே முடுக்கிக்கிட்டு இருங்க. என்னைக்காவது முடியலைன்னு வந்து என் முன்னால நின்னீங்க, அப்ப பேசிக்கிறேன்."

யாரும் கன்னைத் தொடவில்லை. ஸ்டோருக்குப் போகிற வழி அவர்களைத் தாண்டித்தான் போகிறது. வண்டி கடகடவென்று பக்கத்தில் வந்ததும் அக்கா நகர்ந்து அதன் குறுக்கே நின்றாள்.

கட்டியிருந்த கையை அப்போதுதான் பிரித்தாள். வண்டியை மறிக்க வலது கையைத் தூக்கப் பார்த்தாள். அது மார்பு உயரம்வரை வந்து, நடுங்கி, அதற்கு மேல் வராமல் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் வண்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னும் என்னம்மா வேணும் உனக்கு? அதான் போகுதே."

"அது போகணும்னு யார் சார் கேட்டது?" என்றாள். கண் கலங்கியிருந்தது, கோபம் குறையவில்லை. "கண்ணாடிக்கு முன்னால வச்சு அழகு பாத்தீங்களே, அதை எங்களுக்குக் கொடுங்கன்னுதானே கேட்டோம்?"

அவள் மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எங்க இடத்துல இறக்கி நாலு போல்ட்டையும் முடுக்கு."