பிணைப் பிள்ளை

குதிரைக்காரன் வண்டியில் வைக்கோலைப் பரப்பினான். குத்துகிற தண்டு ஏதும் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ஒன்றிரண்டை எடுத்து வெளியே போட்டான். பிறகு தன் தோளில் கிடந்த போர்வையை அதன்மேல் விரித்தான்.

அரண்மனைப் பின்கட்டுப் படியில் அரசர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செத்த உடம்புக்கு வைக்கோல் குத்தினால் என்ன, குத்தாவிட்டால் என்ன? எசமான் வீட்டுப் பிள்ளைமேல் இந்த வேலைக்காரனுக்குத்தான் எத்தனை விசுவாசம்!

அந்த எசமான், வடக்குக் கோட்டை அதிகாரி. அரசவையில் அவனுக்கு 'ஆகட்டும்' என்றுதான் பெயர். எந்த உத்தரவு போனாலும் "ஆகட்டும் மகாராஜா" என்பான், ஒன்றும் ஆகாது. படை அனுப்பச் சொன்னால் ஆட்களுக்கெல்லாம் காய்ச்சல் என்பான். பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னால் சாவியைக் காணோம் என்பான்.

அவனைப் பார்த்து மற்றக் கோட்டை அதிகாரிகளுக்கும் குளிர் விட்டுப்போயிற்று. அதனால்தான் அரசர் ஒவ்வொருவரிடமும் ஒரு பிள்ளையைப் பிணையாக வாங்கி அரண்மனையில் வளர்த்தார். சொல்லை மீறினால் பிள்ளையின் உயிருக்குப் பொறுப்பில்லை என்று பேச்சு.

ஆகட்டும் தன் ஒரே மகனை மறுபேச்சில்லாமல் அனுப்பிவைத்தான். வந்த சின்னப் பையன் எல்லோருக்கும் செல்லமாகிப்போனான். வாத்தியார் தேடினால் லாயத்தில்தான் அகப்படுவான். யாரையும் அண்டவிடாத முரட்டுக் குதிரைகூட அவன் கைபட்டால் சாதுவாகிவிடும். பிள்ளையில்லாத அரசர், மீசை அரும்பும் வயது வரைக்கும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தே சாப்பிட்டார்.

இந்த ஆண்டு மழை பொய்த்தது. களஞ்சியங்களைத் திறக்காவிட்டால் பிணைப் பிள்ளைகளின் தலை தப்பாது என்று அரசர் கெடு வைத்தார். மற்றக் கோட்டைகளில் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன. வடக்கில் ஜனங்கள் பசியில் சுருண்டு விழுந்தார்கள். பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

கெடு முடிந்தது.

"இவனை விட்டீங்கன்னா நாளைக்கு ஒருத்தனும் உங்க பேச்சைக் கேக்க மாட்டான்," என்றார் மந்திரி. "சொன்னதைச் செஞ்சிடுங்க மகாராஜா. இல்லைன்னா, சொல்லியே இருக்கக் கூடாது."

அரசர் செய்தார்.

அழைத்துக்கொண்டு போகும்போது பையன் கெஞ்சவில்லை. "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று மட்டும் கேட்டான். அந்தப் பாழாய்ப்போன அப்பனுக்காகவா இந்தப் பிள்ளை கவலைப்படுகிறது என்று அரசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கே வடக்குக்கு ஆள் போனான். மறுநாள் இந்த வண்டி வந்து நின்றது.

காவலர்கள் உடலைத் தூக்கி வந்தார்கள். குதிரைக்காரன் தலைமாட்டுப் பக்கம் யாரையும் விடவில்லை. தானே ஏந்திப் படுக்கவைத்தான்.

அரசர் படியிறங்கி வந்தார். "சேதி கேட்டு உங்க எசமான் அழுதானா?"

"இல்லைங்க."

"ஒண்ணும் சொல்லலையா?"

"ஆகட்டும்னாருங்க."

"என்ன மனுஷன் அவன்!" என்றார் அரசர். "தண்டனை கொடுத்த எனக்கே நேத்துலேருந்து சோறு இறங்கல. கடைசியா முகத்தைப் பாக்கவாவது பெத்தவன் வரக் கூடாதா? பிள்ளையைக் கொண்டுபோகக் குதிரைக்காரனையா அனுப்புவான்?"

குதிரைக்காரன் கலைந்து கிடந்த பையனின் தலைமுடியை விரலால் கோதி ஒதுக்கினான். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"எசமான் பிள்ளை கோட்டையில நல்லா இருக்காருங்க. இவனைப் பெத்தவன்தான் வந்திருக்கேன்."