உள்ளேன் அம்மா

சமையலறைக் கதவின் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் எல்சி. தன் சொந்த வீட்டில், தன் மகளுக்குப் பயந்து.

கூடத்துக்கு அந்தப் பக்கம் முன்னறையில் ஜாய்ஸ் தனியாகப் படிக்க உட்கார்ந்திருந்தாள். அம்மா சம்பா அறுவடையைப் பார்க்கக் களத்துக்குப் போகிறாள், பன்னிரண்டரைக்குத்தான் வருவாள் என்று அவளிடம் சொல்லியாயிற்று. கொல்லைக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு எல்சி உள்பக்கமே நின்றுகொண்டாள்.

பச்சைப் பொய். வேறு வழியில்லை.

ஆறு வருடமாக ஜாய்ஸுக்குப் பள்ளிக்கூடமே அம்மாதான். ஒன்பது வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டது. பஸ் கூடாது, மாடிப்படி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா மிக்கேல்ராஜ் மஸ்கட்டில். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து, மகள் வளர்ந்துவிட்டாளே என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத் திரும்பிப் போகிற மனிதர். எல்சி பத்தாவதோடு நின்றவள். முதலில் தான் படித்து, பிறகு மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஏனோதானோ என்றில்லை, முறைப்படி. ஒரு நீள நோட்டில் வருகைப் பதிவேடு. அதில் ஒரே ஒரு பெயர். ஒன்பதரை அடித்ததும் அந்தப் பெயரைக் கூப்பிடுவாள்.

"உள்ளேன் அம்மா" என்று ஜாய்ஸ் எழுந்து நிற்பாள்.

ஊரில் மற்றப் பிள்ளைகள் டீச்சரை அம்மா என்பார்கள். இவளுக்கு அம்மாவே டீச்சர். வகுப்பு முடிகிறவரை வாங்க, போங்க. பன்னிரண்டரை ஆகிவிட்டால் வா, போ, சோத்தப் போடு.

இப்போது இதயம் தேறிவிட்டது. மார்ச்சில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. ஜூனில் தஞ்சாவூரில் விடுதி, ப்ளஸ் ஒன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து மாதிரித் தேர்வு வைத்த கான்வென்ட் சிஸ்டர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"எல்லாம் தெரியுது எல்சி. ஆனா ஒவ்வொரு விடைக்கும் உங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் எழுதுறா. மார்ச்ல உங்க மொகம் அங்க இருக்காதே."

விடை சரியென்றால் எல்சியின் புருவம் லேசாக ஏறுமாம். எல்சிக்கே அது தெரியாது.

உண்மையிலேயே களத்துக்குப் போயிருக்கலாம். பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்ற பயம் ஒன்று. இன்னொன்று, போக அவளுக்கு மனசு வரவில்லை.

எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தாள். மகள் தண்ணீருக்காகச் சமையலறைப் பக்கம் வந்துவிடக் கூடாதென்று செம்பை அவள் மேஜையிலேயே வைத்தாயிற்று. களத்திலிருந்து வருகிறவள் அலுங்காமல் குலுங்காமல் வந்தால் சந்தேகம் வருமே என்று, தலையில் செருகிக்கொள்ள இரண்டு வைக்கோலைக்கூட முந்தானையில் முடிந்திருந்தாள்.

கூடத்துக் கடிகாரம் ஒன்பதரை அடித்தது.

முன்னறையில் நோட்டுப் புரளும் சத்தம். பிறகு ஜாய்ஸ் தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, எல்சியைப் போலவே, தன் பெயரைத் தானே கூப்பிட்டாள். தன் குரலிலேயே உள்ளேன் அம்மா என்றும் சொல்லிக்கொண்டாள்.

எல்சிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.

முன்னறையில் மறுபடி ஒரு தாள் புரண்டது.

"எல்சி" என்று கூப்பிட்டாள் ஜாய்ஸ்.

வகுப்பில் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடுவதுபோல் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, பதிலுக்காக யாரும் காத்திருந்து இருபது வருடம் இருக்கும். பதில் நுனிநாக்குவரை வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பேனா கீறும் சத்தம் கேட்டது.

பத்து மணி வாக்கில் பக்கச் சந்தில் வாழைச் சருகு சரசரத்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மாளின் ஆடாகத்தான் இருக்கும். வெளியே போய் விரட்டவா முடியும்? மனசுக்குள்ளேயே அதைத் திட்டித் தீர்த்தாள்.

அதன்பிறகு இரண்டரை மணி நேரம். ஒரு தடவைகூட அம்மா என்ற சத்தம் வரவில்லை. பேனா ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அது நிற்கும்போதெல்லாம் எல்சியின் புருவம் தானாக ஏறியது. பார்க்கத்தான் ஆளில்லை.

நினைத்தபடியே நடந்துவிட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஜூனுக்குப் பிறகு ஒருவர் மஸ்கட்டில், ஒருத்தி விடுதியில். இரண்டு பேர் குரலையும் ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்றுதான் கேட்க வேண்டும்.

பன்னிரண்டரை அடித்தது. கொல்லை வழியாக இறங்கி, பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். வைக்கோலைத் தலையில் செருகிக்கொண்டு கொல்லைக் கதவை ஓசைப்படாமல் திறந்தாள்.

படியில் அவளுடைய செருப்பு இருந்தது.

எல்சிக்குச் சொரேர் என்றது. நேற்று சாயங்காலம் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு அது. காலையில் அவள் அதைத் தொடவே இல்லை. வைக்கோல்வரை யோசித்த மகராசி செருப்பை மறந்துவிட்டாள்! வாசலில் செருப்பு கிடக்கும்போது ஆள் களத்துக்குப் போய்விட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

இப்போது அது ஜோடியாக, காலை விட்டதும் இறங்க வசதியாக, வெளியே பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தது. சந்தில் வந்தது ஆடு இல்லை.

எல்சி அதைப் போட்டுக்கொண்டு சுற்றி நடந்து, வாசலில் கழற்றிவிட்டு, வந்துவிட்டேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.

ஜாய்ஸ் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அதில் இப்போது இரண்டு பெயர்கள். ஜாய்ஸுக்கு நேரே ஒரு கோடு. எல்சிக்கு நேரே சிவப்பு மையில் 'ஆ'. ஆப்சென்ட்டுக்கு எல்சி போடச் சொல்லிக்கொடுத்த எழுத்து.

பிறகு எழுந்து வந்து, அம்மாவின் தலையிலிருந்த இரண்டு வைக்கோலையும் எடுத்துப் போட்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நாளைக்கும் போயிட்டு வாங்கம்மா."

மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. வகுப்பு முடிந்த பிறகும் அவள் 'ங்க' போட்டது அன்றைக்குத்தான்.