பதினான்கு அடுக்குகள்

சேமிக்கும் பட்டனை அழுத்தினால் நீலக்கோடு தொண்ணூற்று மூன்று சதவீதம் வரை ஓடிவந்து அங்கேயே நின்றுவிடும். மற்ற படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மகளின் பிறந்தநாள் படம் ஒன்றுக்கு மட்டும் லேப்டாப் மூச்சு வாங்கியது.

"மெஷினுக்கு என் பொண்ணைப் பிடிக்கலை போல, தம்பி" என்றாள் அவள். ஸ்டூடியோவில் இருபது வருடம் ரீடச் வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேரின் பருவையும் கருவளையத்தையும் அழித்துப் பழகிய கை.

மெக்கானிக்குக்கு அந்தத் தெருவில் டாக்டர் என்று பெயர். ஒன்பது வயது லேப்டாப்பைக் குப்புறப் போட்டு வயிற்றைத் திறந்தான். கீல் உடைந்து, திரை இன்சுலேஷன் டேப்பின் தயவில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் மகளுக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். ஐந்து மணிக்குள் படம் அச்சகத்துக்குப் போனால்தான் விடிந்ததும் இருநூறு பிரதி கையில் கிடைக்கும். இதுவரை ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை என்றாள். அப்போது மணி மூன்றரை.

"இருநூறா? ஊரையே கூப்பிடறீங்களாக்கா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

வேலை செய்துகொண்டே விளக்கம் சொல்வது டாக்டருக்குப் பிடிக்கும். மெமரி என்பது வேலை செய்கிற மேஜை, டிஸ்க் என்பது பின்னறை என்றான். மேஜை நிரம்பிவிட்டால் மென்பொருள் சாமான்களைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். வேண்டும்போது மறுபடி தூக்கிக்கொண்டு வரும். நேரமெல்லாம் இந்த ஓட்டத்தில்தான் போகிறது.

செத்துப்போன வேறொரு லேப்டாப்பிலிருந்து மெமரியைக் கழற்றி இதில் செருகினான். மேஜை இரண்டு மடங்கானது. டிஸ்க்கில் கிடந்த குப்பையை அள்ளி முப்பது ஜிபி இடம் பண்ணினான். செய்த வேலையில் ஐம்பது படி பின்னால் போகும்படி மென்பொருள் எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தது. அதைப் பத்தாகக் குறைத்தான்.

நீலக்கோடு இப்போது தொண்ணூற்றேழில் வந்து நின்றது.

"அப்ப கோளாறு மெஷின்ல இல்லக்கா, ஃபைலுக்குள்ள இருக்கு" என்று சொல்லி அடுக்குகளின் பட்டியலைத் திறந்தான். மொத்தம் பதினான்கு. அடியில் 6 என்று எழுதியிருந்தது. அதன்மேல் 7, 8 என்று வரிசையாக 19 வரை. வருடத்துக்கு ஒன்று, எல்லாமே போஸ்டர் அளவு.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஆறில் முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு. ஏழில் பல் பாதி முளைத்திருந்தது. பதிமூன்றில் கன்னம் வற்றி முகம் நீண்டிருந்தது. பதினாறில் தோடு மாறியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது, பதினான்கு படங்களிலும் கண்மணிக்குள் ஒரு குட்டி ஜன்னல் தெரிந்தது, அதே ஒற்றைக் கம்பி வளைந்தபடி.

"வருஷா வருஷம் அதே ஜன்னலுக்கு முன்னாடி நிக்க வச்சிருக்கீங்களே. என் பையன் ரெண்டு செகண்ட் நிக்க மாட்டான்."

அவள் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

கண்ணாடித் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது மாதிரிதான் இந்த அடுக்குகள் என்று அவன் விளக்கினான். அடியில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கனம் குறையாது. பதினான்கையும் மெஷின் சுமந்துதான் ஆகவேண்டும்.

"பத்தொன்பதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தனித்தனி ஃபைலாப் பிரிச்சிடவா? சும்மா பறக்கும்."

"வேண்டாம். அடியில இருக்கற முகம் தெரிஞ்சாத்தான் என்னால மேல கை வைக்க முடியும்."

ரீடச் ஆட்களுக்கே உரிய பிடிவாதம் என்று அவன் நினைத்துக்கொண்டான். வேறு வழி தேடத் தொடங்கினான்.

நான்கு இருபதுக்கு அவள் போன் அடித்தது. "சொல்லுங்க இன்ஸ்பெக்டர் சார்" என்றாள். திரையில் சிரித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயது முகத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முன்பல்லு ரெண்டும் முளைச்சிருக்கா, சார்?"

பதில் வந்ததும் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். டாக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் அதை வாங்காமல் திரையைக் காட்டினாள்.

"அடியில இருக்கற ஆறு மட்டும் போதும். மேல இருக்கற பதிமூணையும் அழிச்சிடுங்க."

அவன் கை மவுஸில் தயங்கியது. ஒரு தடவை போனால் திரும்ப வராது என்று எச்சரித்தான்.

"அழிங்க, தம்பி."

அழித்தான். சேமிக்கும் பட்டனை அழுத்தினான். நீலக்கோடு ஒரே மூச்சில் ஓடி நூறைத் தொட்டது.

"ஓடுதுக்கா" என்றான். ஆனாலும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. "பதிமூணு வருஷப் போட்டோவாச்சே..."

"அதெல்லாம் போட்டோ இல்ல, அவளைத் தேடறதுக்காக நான் வரைஞ்சது. அவ ஆறு வயசுக்கு மேல வளரவே இல்லையாம்."